வெட்டிய மரமும் விளையும் பலகையும்: வித்துரா மலையடிவாரத்தின் மரத்தொழில்



திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெடுமங்காடு வட்டத்தில், பொன்முடி மலைக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ள மலையடிவார ஊர் வித்துரா. ஒருபுறம் 1983இல் அறிவிக்கப்பட்ட பேப்பாறை வனவிலங்குச் சரணாலயம். மறுபுறம் 1979இல் தொடங்கப்பட்ட வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிலையம் அமைந்துள்ள பாலோடு. இப்பகுதிக் காடுகள் 2001இல் அமைக்கப்பட்ட அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தைச் சேர்ந்தவை. காட்டுக்கு இத்துணை அருகில் இருந்தும், வித்துராவின் மரத்தொழில் இன்று காட்டை நம்பி நிற்கவில்லை. வீட்டு வளவில் நிற்கும் அயினி, பலா, மா, தேக்கு, மகாகனி ஆகியவையும், சரிவுகளில் வரிசையாக நிற்கும் ரப்பர் மரங்களுமே இன்று அங்குள்ள மரச்செல்வம்.

அச்செல்வம் நிற்கும்போது எல்லோர் கண்ணிலும் படுகிறது. அது வீழ்ந்த பின்னர், பலகையாகும் முன்னர், எவ்வளவு அழிகிறது என்பது பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. வெட்டிய இடத்திலிருந்து அறுவை ஆலையின் வாசல் வரையுள்ள சில நாட்களில், உழவரின் வருவாயும், தொழிலாளியின் உயிரும், மரத்தின் தரமும் ஒருங்கே முடிவாகின்றன.

காட்டிலிருந்து வளவுக்கு

திருவிதாங்கூர் அரசின் வருவாயில் காட்டுமரம் முதன்மையான இடம் பெற்றிருந்த காலம் ஒன்று உண்டு. அக்காடுகளின் நிலையை ஆராய்ந்து 1893இல் அறிக்கை அளித்தவரும், அவற்றின் மரங்களைப் பற்றி 1908இல் நூல் வெளியிட்டவரும் அங்கு வனப் பாதுகாவலராகப் பணிபுரிந்த பூர்டில்லன் ஆவார். அந்நாளில் மரத்தை வெட்டக் கோடரி, இழுக்க யானை, மிதக்க விட ஆறு, அறுக்க இருவர் பிடிக்கும் நீண்ட வாள் என்பதே முறை. அடிமரத்தை உயர்த்திய சட்டத்தின் மீதோ குழியின் மீதோ கிடத்தி, ஒருவர் மேலே நின்றும் மற்றவர் கீழே நின்றும் நாள் முழுவதும் வாளை இழுப்பர். மலையாளத்தில் இன்றும் வழங்கும் ‘ஈர்ச்சவாள்’ என்ற சொல்லும், தமிழ் அகராதிகளில் உள்ள ‘ஈர்வாள்’ என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை.

இந்நிலை இரு கட்டங்களில் மாறியது. 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம், வன நிலத்தைப் பிற பயன்களுக்கு மாற்றுவதற்கு நடுவண் அரசின் முன் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. 1996 டிசம்பர் 12ஆம் நாள், கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, நடுவண் அரசின் ஒப்புதலின்றி வனப்பகுதிக்குள் இயங்கிய மர அறுவை ஆலைகள் உட்பட அனைத்துச் செயல்களையும் உடனே நிறுத்தச் சொன்னது. காட்டுமரத்தின் வரவு குறைந்தபோது, கேரளத்தின் மரத்தேவையை நிறைவு செய்யும் பொறுப்பு வீட்டு வளவுகளுக்கும் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது. ஆகவே, வளவு மரம் ஒன்று வீணாகும்போது, அந்தக் குறையை ஈடுசெய்யும் சுமை ஏதோ ஒரு வடிவில் காட்டின் மீது விழுகிறது எனலாம்.

விறகாக இருந்த ரப்பர் மரம்

கேரளத்தில் வணிக முறை ரப்பர்ப் பயிர் 1902இல் பெரியாற்றங்கரையில் உள்ள தட்டேக்காட்டில் தொடங்கியது. அதன் பின்னர் நெடுங்காலம், பால் வற்றிய ரப்பர் மரம் விறகுக்கும், பெட்டிகள் செய்வதற்கும், தீக்குச்சிக்குமே பயன்பட்டது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ரப்பர் வாரியமும், 1955இல் கோட்டயத்தில் நிறுவப்பட்ட இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையமும் பயிரைப் பெருக்கின. அந்நிலையம் 1980இல் வெளியிட்ட ‘ஆர்.ஆர்.ஐ.ஐ. 105’ என்னும் இனம் சிறு உழவர்களிடையே மிகப் பரவலாயிற்று.

நட்ட ஏழாம் ஆண்டளவில் பால்வெட்டு தொடங்குகிறது. 25 முதல் 30 ஆண்டுகளில் மரம் மறுநடவுக்கு வருகிறது. அதற்கு முந்தைய ஓரிரு ஆண்டுகளில் மிஞ்சிய பாலை எடுக்கக் ‘கடும்வெட்டு’ நடத்தி, அதன் பிறகு தோட்டத்தை ஒரேயடியாக வெட்டுவது வழக்கம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே வரும் இவ்வருவாயை நம்பியே பல குடும்பங்கள் மறுநடவுச் செலவையும், மகளின் திருமணத்தையும், மகனின் படிப்பையும் திட்டமிடுகின்றன.

இம்மரத்தின் நிறைகளும் குறைகளும் அதன் இயல்பிலேயே உள்ளன. வெளிர் மஞ்சள் நிறம், நேர்த்தியாக இழைக்க வருதல், ஆணியையும் பசையையும் நன்கு ஏற்றல் ஆகியன அதன் நிறைகள். உலர்ந்த நிலையில் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 600 கிலோ எடையுள்ளது. தேக்கிலும் அயினியிலும் காணப்படும் தெளிவான வைரம் இதில் இல்லை. மரம் முழுவதும் மாவுச்சத்தும் சர்க்கரையும் நிறைந்திருக்கின்றன. வைரத்தில் சேரும் இயற்கைக் காப்புப் பொருள்கள் இல்லாமையால், பூஞ்சைக்கும் துளைப்பான் வண்டுக்கும் அது விருந்தாகிறது.

காலத்தோடு போட்டி

ரப்பர் மரத்தை வெட்டிய கணம் முதலே காலம் எதிராக ஓடத் தொடங்குகிறது. வெட்டுமுகத்தின் வழியாகவும் பட்டை உரிந்த இடத்தின் வழியாகவும் பூஞ்சை நுழைகிறது. ஈரம் மிகுந்த மலையடிவாரத்தில் ஓரிரு நாட்களிலேயே நீலக்கறை தோன்றிவிடும். இக்கறை மரத்தின் வலிமையைப் பெரிதும் குறைப்பதில்லை என்றாலும், அறைகலன் செய்வோர் அதை ஒதுக்கிவிடுவர். அடுத்து வருவது வண்டு. சிறு துளைகளும் அவற்றின் அடியில் மாவுபோன்ற துகளும் காணப்பட்டால், அப்பலகை விறகின் விலைக்கு இறங்கிவிட்டது என்று பொருள்.

இதற்கு மாற்று உண்டு. அது கடினமானதும் அன்று. முதலாவதாக, வெட்டிய சில நாட்களுக்குள் மரத்தை அறுத்துவிட வேண்டும். இரண்டாவதாக, அறுத்த பலகையை அன்றே மருந்தேற்றத்துக்கு அனுப்ப வேண்டும். வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலே இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. பலகையை மூடிய உருளைக்குள் அடுக்கி, முதலில் காற்றை வெளியேற்றி, பின்னர்க் கரைசலை அழுத்தத்துடன் செலுத்தினால், மருந்து பலகையின் நடுப்பகுதி வரை செல்லும். மூன்றாவதாக, சூடும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட உலர்த்தும் அறையில் பலகையின் ஈரத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இவ்வாறு பதப்படுத்திய ரப்பர்ப் பலகை வீட்டினுள் நீண்ட காலம் உழைக்கும். ஆனால் போரான் மருந்து நீரில் கரையக்கூடியது. எனவே, மழையில் நனையும் வெளிக்கதவுக்கோ கூரைச் சட்டத்துக்கோ அதைப் பயன்படுத்தலாகாது.

மலேசியா இந்த அறிவைக் கொண்டே, முன்பு எரித்துவந்த ரப்பர் மரத்தை அறைகலன் ஏற்றுமதியின் அடிப்படையாக மாற்றியது. இந்தியாவில் பெங்களூருவில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும், 1975இல் திருச்சூர் மாவட்டம் பீச்சியில் தொடங்கப்பட்ட கேரள வன ஆராய்ச்சி நிலையமும் இத்துறையில் ஆய்வுகள் நடத்தியுள்ளன. அறிவு ஆய்வகத்தில் உள்ளது. ஆனால் மரம் வித்துராவின் சரிவில், மழைக்காலச் சேற்றில், லாரிக்காகக் காத்துக் கிடக்கிறது. இந்த இடைவெளியைக் கடப்பதே இத்துறையின் வளர்ச்சிப் பணி.

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல், அண்டையிலுள்ள கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏராளமான ரப்பர் மரங்களைச் சாய்த்தது. முப்பது ஆண்டுகளில் சிறுகச் சிறுக வெட்டப்பட வேண்டிய மரங்கள் ஓரிரவில் விழும்போது, அவற்றைக் குறித்த நாட்களுக்குள் அறுக்கும் அளவுக்கு ஆலையும் ஆளும் எங்கும் இருப்பதில்லை. புயலுக்குப் பிந்தைய உதவித் திட்டங்களில் இழப்பீட்டுக்கு இணையாக, விழுந்த மரத்தை விரைந்து எடுக்கும் ஏற்பாட்டுக்கும் இடம் தரப்பட வேண்டும் என்பதை அந்நிகழ்வு உணர்த்துகிறது.

வெட்டும் கை

மரம் வெட்டுதல் உலகெங்கும் மிக இடர் மிகுந்த தொழில்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. வித்துராவைப் போன்ற சரிவு நிலத்தில், வீடும் மின்கம்பியும் நெருங்கிய வளவில், இடர் மேலும் பெருகுகிறது. அனுபவமுள்ள தொழிலாளி முதலில் கருவியைத் தொடுவதில்லை. மரத்தைச் சுற்றி வருவார். சாய்வு எப்பக்கம், கிளைகளின் பாரம் எப்பக்கம், பட்ட கொம்பு உண்டா, அடியில் பொந்து உண்டா, காற்று எத்திசை என்பவற்றை அவர் பார்ப்பார். பின்னர், மரம் விழும் திசைக்கு எதிர்ப்புறத்தில் சாய்கோணமாகத் தாம் விலகிச் செல்லும் வழியைப் புதர் நீக்கிச் செம்மை செய்வார். மரத்தின் உயரத்தைப் போல் இருமடங்குத் தொலைவுக்குள் வேறு ஆள் நிற்கலாகாது.

வெட்டும் முறை மூன்று பகுதிகளைக் கொண்டது. விழும் திசையில் அடிமரத்தின் விட்டத்தில் நாலில் ஒரு பங்கு ஆழத்துக்கு ஆப்பு வடிவ முன்வெட்டு. அதற்குச் சற்று மேலாகப் பின்புறமிருந்து வரும் பின்வெட்டு. இரண்டுக்கும் நடுவே, விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனத்தில் வெட்டாமல் விடப்படும் பகுதி. கதவுக்குக் கீல் எவ்வாறோ, அவ்வாறே இப்பகுதி மரத்தைக் குறித்த திசையில் மெல்லத் திருப்பி இறக்குகிறது. அவசரத்தில் இக்கீலையும் அறுத்துவிட்டால், மரம் எத்திசையில் விழும் என்பதை எவரும் கூற இயலாது.

சங்கிலி வாள் வந்த பின்னர் ஒரு நாள் வேலை ஒரு மணியில் முடிகிறது. விபத்தும் அதே விரைவில் நேர்கிறது. வாள்முனையின் மேற்பகுதி வேறொரு கட்டையில் பட்டால், கருவி வெட்டுபவரின் முகத்தை நோக்கித் துள்ளும். தலைக்கவசம், கண்காப்பு, செவிக்காப்பு, வெட்டைத் தாங்கும் காலுடை, உறுதியான காலணி ஆகியவை இன்றியமையாதன. காற்றில் வேரோடு சாய்ந்த மரம் இன்னும் கொடியது. அடிமரத்தை அறுத்தவுடன் வேர்த்தட்டு மண்ணோடு மீண்டும் நிமிர்ந்துவிடக்கூடும். அதன் குழியில் எவரும் நிற்கலாகாது. மற்றொரு மரத்தில் சிக்கித் தொங்கும் மரத்தின் கீழே வேலை செய்வதும் தவிர்க்கப்பட வேண்டியது.

இவை யாவும் தொழிலாளிக்குத் தெரியாதவை அல்ல. மொத்தக் குத்தகையில் ‘இத்தனை மரத்துக்கு இவ்வளவு’ என்று கூலி பேசப்படும்போது, பாதுகாப்புக்குச் செலவிடும் ஒவ்வொரு நிமிடமும் அவருடைய கூலியிலிருந்தே கழிகிறது. விரைவுக்கு ஊதியமும் எச்சரிக்கைக்கு இழப்பும் தரும் ஒப்பந்த முறை நீடிக்கும் வரை, பயிற்சி வகுப்பு மட்டுமே விபத்தைத் தடுத்துவிடாது.

அளவும் விலையும்

உழவர் இழக்கும் இடம் மற்றொன்று உண்டு, அது அளவு. அடிமரத்தை அளக்க நெடுங்காலமாக வழங்கும் முறை ‘கால்சுற்று’ முறையாகும். நடுவிலுள்ள சுற்றளவை நான்கால் வகுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவர். 1.6 மீட்டர் சுற்றளவும் 3 மீட்டர் நீளமும் உள்ள அடிமரம் இக்கணக்கில் 0.48 கன மீட்டர் ஆகிறது. வட்டத்தின் உண்மைப் பரப்பைக் கொண்டு கணக்கிட்டால் அது ஏறத்தாழ 0.61 கன மீட்டர். அதாவது, இம்முறை உண்மைக் கன அளவில் 78.5 விழுக்காட்டையே காட்டுகிறது. பட்டைக்கும் சக்கைக்கும் கழிவு விடுவதற்காக ஏற்பட்ட இம்முறையில் தவறில்லை. விற்பவரும் வாங்குபவரும் அதை அறிந்து விலை பேசினால் போதும். ஆனால் இம்முறையில் அளந்த பிறகு பட்டைக்கென மீண்டும் ஒரு கழிவு கேட்டால், அது இருமுறை கழிப்பதாகும்.

ரப்பர் மரம் பெரும்பாலும் எடைக் கணக்கில் ஒட்டுப்பலகை ஆலைகள் நிறைந்த பெரும்பாவூர் போன்ற மையங்களுக்குச் செல்கிறது. பச்சை மரத்தின் எடையில் பெரும்பகுதி நீர். நாளாக ஆக நீர் வற்றி எடை குறைகிறது. கறை ஏறித் தரமும் குறைகிறது. ஆகவே தாமதத்தால் உழவருக்கு இரட்டை இழப்பு. தோட்டத்தை மதிப்பிடாமல் நின்ற நிலையிலேயே மொத்த விலைக்கு விற்பவர், ஒரு தலைமுறையின் உழைப்பைக் கண்மதிப்புக்குக் கொடுத்தவராகிறார். ஒரு நாடாவும் ஒரு குறிப்பேடும் கொண்டு, வெட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு மரத்தின் நெஞ்சுயரச் சுற்றளவையும் குறித்துவைப்பது, பள்ளி மாணவர்களும் செய்யக்கூடிய பணியே.

வாளின் தடம்

அறுக்கும்போது வாள் செல்லும் தடமும் மரமே; அது தூளாகப் போகிறது. 30 சென்டிமீட்டர் கனமுள்ள சதுரக் கட்டையை 25 மில்லிமீட்டர்ப் பலகைகளாக அறுப்பதாகக் கொள்வோம். 6 மில்லிமீட்டர்த் தடம் விடும் வட்ட வாளில் 9 பலகைகள் கிடைக்கும். 3 மில்லிமீட்டர்த் தடம் விடும் நாடா வாளில் 10 பலகைகள் கிடைக்கும். ஒரே கட்டையில் ஒரு பலகையின் வேறுபாடு! சங்கிலி வாளைச் சட்டத்தில் பொருத்தி விழுந்த இடத்திலேயே பலகை அறுக்கும் முறையும் உலகின் பல பகுதிகளில் உண்டு. அதன் தடம் அகலமானது, தூள் மிகுதி. எனினும் லாரி செல்லாத சரிவிலிருந்து முழு அடிமரத்தை உருட்டி மண்ணைச் சிதைப்பதைவிட, ஆள் சுமக்கும் பலகையாக இறக்குவது சில இடங்களில் நலமானது. அறுவை ஆலைகள் உரிமத்துக்கு உட்பட்டவை. எனவே இத்தகைய கருவியைப் பயன்படுத்துமுன் வனத்துறையிடம் விதிகளைக் கேட்டறிதல் கட்டாயமாகும்.

அறுத்த பின்னரும் பொறுப்பு முடிவதில்லை. மரம் உலரும்போது ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்கும் அளவு, குறுக்குப் போக்கில் சுருங்குவதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. பலகை வளைவதற்கும் வெடிப்பதற்கும் இதுவே அடிப்படைக் காரணம். அயினி, பலா, தேக்கு ஆகியவற்றின் பலகைகளைத் தரையிலிருந்து உயர்த்தி, சம கனமுள்ள குறுக்குச் சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று நேராக வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றி, மழையும் வெயிலும் படாமல் காற்று மட்டும் ஊடாடுமாறு சில திங்கள் வைத்திருத்தல் வேண்டும். முனைகளில் வண்ணமோ மெழுகோ பூசினால் முனைவெடிப்பு குறையும். பச்சைப் பலகையில் கதவு செய்து, அடுத்த கோடையில் இடுக்கு விழுந்தபின் தச்சரைக் குறை கூறுவது பொருந்தாது.

சட்டமும் சங்கமும்

2005ஆம் ஆண்டின் கேரள வனமல்லாத நிலங்களில் மரவளர்ப்பு ஊக்குவிப்புச் சட்டம், சந்தனம் நீங்கலாகத் தம் நிலத்து மரங்களை வெட்டவும் கொண்டுசெல்லவும் உடைமையாளருக்கு உரிமை அளித்தது. சில பகுதிகளுக்கும் சில மரங்களுக்கும் வரம்புகள் உண்டு. அரசு பட்டா வழங்கிய நிலங்களின் நிலை வேறு. அவற்றில் ஈட்டி, தேக்கு போன்ற மரங்கள் அரசுக்கென ஒதுக்கப்பட்டிருக்கலாம். 2020இல் வருவாய்த்துறை பிறப்பித்த ஓர் ஆணையின் பெயரால் வயநாடு மாவட்டம் முட்டிலில் ஈட்டி மரங்கள் வெட்டப்பட்டதும், அவ்வாணை 2021இல் விலக்கிக்கொள்ளப்பட்டதும், வழக்குகள் தொடர்ந்ததும் நாடறிந்தவை. நிலத்தின் மூல ஆவணத்தைப் படிக்காமல் மரத்தைத் தொடலாகாது என்பதே அதன் பாடம். இதைச் சிற்றூர் உழவருக்கு எளிய மொழியில் எடுத்துரைப்பது வருவாய், வன அலுவலர்களின் கடமையாகும்.

கேரளத்தின் ரப்பர் பகுதிகளில் பாலைச் சேகரிக்கவும் பதப்படுத்தவும் ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்கள் இயங்கி வருகின்றன. அச்சங்கங்களே மறுநடவுக்கு வரும் தோட்டங்களின் பட்டியலை முன்கூட்டியே தயாரித்து, வெட்டும் நாளையும் லாரியையும் ஆலையையும் ஒரே நிரலில் இணைத்தால் மரம் கிடந்து கறைபடும் நாட்கள் குறையும். பல சிறு தோட்டங்களின் மரம் ஒன்றுசேரும்போது விலை பேசும் வலிமை வரும். பாதுகாப்புக் கருவிகளைச் சங்கமே வாங்கித் தொழிலாளருக்கு வழங்கலாம். மரக்கணக்கில் பேசும் கூலியை நாட்கூலியாக மாற்றலாம். இதற்குப் புதிய நிறுவனம் தேவையில்லை. இருக்கும் நிறுவனத்துக்கு ஒரு புதிய பொறுப்பே தேவை.

இறுதியாக ஒன்று. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரி. ஒரு கன மீட்டர் ரப்பர்ப் பலகையில் ஏறத்தாழ 300 கிலோ கரி அடங்கியுள்ளது. காற்றில் கலந்தால் அது 1,100 கிலோ கரியமில வாயுவாகும். விறகானால் அன்றே அது காற்றில் கலக்கிறது. நாற்காலியானால் பல ஆண்டுகள் வீட்டுக்குள் தங்குகிறது. அதற்குள் மறுநடவு செய்த கன்று வளர்ந்துவிடும். வித்துராவின் உழவர் நாடாவைக் கையில் எடுப்பதும், தொழிலாளி விலகிச் செல்லும் வழியைச் செம்மை செய்வதும், ஆலைக்காரர் பலகையை அன்றே மருந்தேற்றுவதும் தனித்தனிச் சிறு செயல்கள். பொன்முடிச் சரிவின் காடு நிலைப்பது இச்சிறு செயல்களையும் பொறுத்ததாகும்.